விமான நேரம் வேறு, பயண நேரம் வேறு

தரங்கம்பாடியிலிருந்து சிங்கப்பூர் புறப்படுகிறவர்களின் வீட்டில் முதலில் எழும் கேள்வி, திருச்சியா சென்னையா என்பதுதான். வான்வழியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து சுமார் 3,000. எங்கே ஏறினாலும் நாலு, நாலரை மணி நேரம்.

வித்தியாசம் தரையில் இருக்கிறது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி விமான நிலையம் சுமார் 160 கிலோமீட்டர். சிதம்பரம், கடலூர், புதுச்சேரி வழியாகச் சென்னை மீனம்பாக்கம் சுமார் 270. டிக்கெட்டில் மிச்சமாகும் பணம் கார் வாடகையில் போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் கணக்கைப் பின்னாலிருந்து போடுவேன். திருச்சியிலிருந்து விமானம் இரவு 1 மணிக்கு என்றால், 10 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். சாலைக்கு நாலு மணி நேரம், தாமதத்துக்கு ஒரு மணி நேரம். ஆக, மாலை 5 மணிக்கு வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டும். சாங்கியில் இறங்கும்போது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதில் பறந்தது மூன்றில் ஒரு பங்குதான்.

தை, மாசியில் அந்த ஒரு மணி நேரமும் போதாது. சம்பா அறுவடையில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். எதிரே அறுவடை மெஷின் ஊர்ந்து வரும், கொள்முதல் நிலைய வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். முகூர்த்த நாள் என்றால் கும்பகோணத்தைத் தாண்டுவதே பெரும்பாடு.

டிக்கெட்டில் உள்ள நேரம் அந்தந்த ஊர் நேரம். 1 மணிக்குக் கிளம்பி 8 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், பயணம் ஏழு மணி நேரம் அல்ல. சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அழைத்துப்போக வருகிறவருக்கு அவர் ஊர் நேரத்தையே சொல்லுங்கள்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குக் கணக்கே மாறும். பலாலி விமான நிலையம் தரங்கம்பாடியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர். திருச்சிக்குச் சாலை வழியே போவதைவிடக் குறைவு. 2025 மார்ச் முதல் திருச்சியிலிருந்து அங்கே விமானம் உண்டு. பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் 2023 அக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறைக் கப்பல் புறப்படும் நாகப்பட்டினம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடலில் நாலு மணி நேரம். வீட்டிலிருந்து கணக்குப் போட்டால் கப்பல் தோற்காது. வடகிழக்குப் பருவமழையில் சேவை நிறுத்தப்படுவதுண்டு, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஐரோப்பா போகிறவர்கள் வழியில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் கப்பலேறிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்க், தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. இன்று கோபன்ஹேகன் சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 7,400 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லாததால் துபாய், தோஹா போன்ற ஓர் ஊரில் மாற வேண்டும். அங்கே காத்திருப்பது இரண்டு மணி நேரமா, பத்து மணி நேரமா என்பதைப் பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள்.

திரும்பும் நேரத்தையும் அப்போதே பாருங்கள். நள்ளிரவில் திருச்சியில் இறங்குவதாக இருந்தால், ஊரிலிருந்து வரும் வண்டியை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.