மெர்க்கன்டைல் வங்கியா, நெய்வேலியா?

கடல் வருமானத்தில் மிச்சம்பிடித்த 50,000 ரூபாய் இருக்கிறது. தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிப் பங்கு வாங்கலாமா, நெய்வேலி என்.எல்.சி. பங்கு வாங்கலாமா?
– வாசகர், பெரியதாழை

இரண்டுமே உங்களுக்குப் பக்கத்து வீடுதான். 1921-ல் நாடார் வங்கியாகத் தூத்துக்குடியில் பிறந்த வங்கி, 2022-ல் ஒரு பங்கு 510 ரூபாய்க்கு மக்களிடம் வந்தது. தூத்துக்குடியில் 1,000 மெகாவாட் அனல்மின் நிலையத்தை நடத்துவது என்.எல்.சி.யின் துணை நிறுவனம்.

ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். வங்கிக்குப் பணம்தான் சரக்கு. பங்கு விலையை அதன் புத்தக மதிப்போடு ஒப்பிடுங்கள். வாராக்கடன் விகிதம் காலாண்டுக்குக் காலாண்டு ஏறுகிறதா என்று பாருங்கள். இந்த வங்கியின் கடனில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இங்கே வியாபாரம் படுத்தால் வங்கியும் தள்ளாடும்.

என்.எல்.சி.யின் கதை வேறு. அனல்மின் நிலையத்தில் போட்ட பங்கு மூலதனத்துக்கு 15.5 சதவீத வருவாய் என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கணக்கிட்டே கட்டணம் வைக்கிறது. லாபம் திடீரென்று துள்ளாது, எளிதில் விழவும் விழாது. மின்வாரியங்கள் பாக்கியை இழுத்தடிக்கின்றனவா, புதிய திட்டங்களுக்காகக் கடன் எவ்வளவு ஏறுகிறது என்பவைதான் கவனிக்க வேண்டியவை.

கச்சான் காற்றில் வள்ளம் இறங்காத மாதங்களுக்கான செலவை முதலில் வங்கி வைப்பில் ஒதுக்குங்கள். ஐந்து ஆண்டு தொடாமல் இருக்கக்கூடிய மிச்சத்தை இரண்டிலும் பாதிப்பாதியாக, ஆறேழு மாதத் தவணையில் போடுங்கள். உங்கள் நிலையில் நான் அப்படித்தான் செய்வேன்.