ஒருவர் பேச, ஊரே கேட்க: ஹாம் ரேடியோ கேள்வி-பதில்

கேள்வி: புதிதாக ஹாம் உரிமம் வாங்கியிருக்கிறேன். கையில் இருப்பது 5 வாட் வாக்கி டாக்கி. நேரடியாகப் பேசினால் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. அதே கருவி ரிப்பீட்டர் வழியாக அடுத்த மாவட்டத்துக்குப் பேசுகிறதே, எப்படி?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: வாழ்த்துகள். நீங்கள் பேசும் 144–146 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கட்டடமும் தடை, பூமியின் வளைவும் தடை. ஆன்டெனா சுற்றுப்புறத் தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கிப் பாருங்கள். தடை ஏதும் இல்லையென்றால் அலை எட்டக்கூடிய தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். தெருவில் நிற்கும் உங்கள் கைக்கருவிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். 1,500 மீட்டர் உயர மலையில் இருக்கும் ஆன்டெனாவுக்கு ஏறத்தாழ 160. ஹாம் கிளப்புகள் ரிப்பீட்டர் வைக்க மலை உச்சியையும் உயரமான மொட்டைமாடியையும் தேடி அலைவது இதற்காகத்தான்.

ரிப்பீட்டர் ஒரே நேரத்தில் கேட்கவும் செய்யும், கேட்டதை அப்படியே பேசவும் செய்யும். 145.700-ல் பேசுகிற ரிப்பீட்டர் 145.100-ல் கேட்கும். இந்த 600 கிலோஹெர்ட்ஸ் ஆஃப்செட்டை உங்கள் கருவியில் போட வேண்டும். கிளப் டோன் வைத்திருந்தால் அதையும் போட வேண்டும். 88.5 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலி அது. உங்கள் பேச்சோடு சேர்ந்து போகும், ஸ்பீக்கரில் கேட்காது. அது இல்லாமல் எத்தனை முறை கூப்பிட்டாலும் ரிப்பீட்டர் திறக்காது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒருவர் பேசுவதற்கான பிடிடி பட்டனை அழுத்தியிருக்கும் வரை மற்ற அத்தனை பேருக்கும் வாய் இல்லை, காது மட்டும்தான். ரிப்பீட்டர் மரியாதை என்று நாம் சொல்வதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் ரிப்பீட்டர் ‘பீப்’ என்று பதில் தருகிறது. சிக்னல் எட்டுகிறதா என்று பார்க்க அவ்வப்போது தட்டுவேன். ஒரு சீனியர் கோபித்துக்கொண்டார். தப்பா?
– சேலம் வாசகர்

பதில்: தப்புதான். இதற்கு ஹாம்கள் வைத்திருக்கும் பெயர் ‘கெர்சங்க்’. அந்த பீப் உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை. கடையிலும் காரிலும் சமையலறையிலும் கருவியைத் திறந்துவைத்திருக்கும் எல்லாருக்கும் கேட்கும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வந்தால் ஆளே இல்லை. ஒரு நாளில் பத்துப் பேர் இப்படித் தட்டினால் மற்றவர்கள் கருவியை அணைத்துவிடுவார்கள். அப்புறம் உண்மையிலேயே யாராவது கூப்பிடும்போது கேட்க ஆள் இருக்காது. கால்சைன் (உரிமத்தில் உள்ள உங்கள் அடையாளக் குறி) சொல்லாமல் அலையை அனுப்புவது விதிப்படியும் சரியல்ல.

உங்கள் கால்சைனைச் சொல்லி ‘டெஸ்டிங்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் போதும். பட்டனை அழுத்தியதும் ஒரு விநாடி பொறுத்துப் பேசுங்கள். டோனை அடையாளம் கண்டு ரிப்பீட்டர் திறக்கச் சிறிது நேரமாகும். அழுத்திய கையோடு பேசினால் ‘விக்டர் யூனிஃபார்ம் த்ரீ’ என்பதில் விக்டர் காணாமல் போய், ‘…ஃபார்ம் த்ரீ’ என்றுதான் மற்றவர்களுக்குக் கேட்கும்.

கேள்வி: இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எப்படி நுழைவது? ஒருமுறை முயன்றேன், ‘கீ…’ என்று கத்தல்தான் வந்தது.
– கோவை வாசகர்

பதில்: எஃப்.எம்.-இல் இரண்டு சிக்னல் ஒன்றாக வந்தால் வலுவானது மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய சம வலுவாக இருந்தால் கத்தல்தான் மிஞ்சும், யார் பேச்சும் புரியாது. நீங்கள் கேட்டது அதைத்தான்.

ஒருவர் முடித்ததும் பீப் வரும். அது வந்த பிறகு, அடுத்தவர் தொடங்குவதற்கு முன், உங்கள் கால்சைனை மட்டும் சொல்லுங்கள். பட்டனை விட்டுவிட்டுக் காத்திருங்கள். ‘ஸ்டேஷன் காலிங், கோ அஹெட்’ என்று வழி விடுவார்கள். பேசிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதில் கடமை உண்டு: பீப் வந்த பிறகும் இரண்டு விநாடி விட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும். அந்த இரண்டு விநாடி, விபத்தில் சிக்கிய ஒருவருக்குத் தேவைப்படலாம். ‘பிரேக் பிரேக்’ என்ற அழைப்பை அந்த மாதிரி அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரட்டையில் சேர அதைச் சொல்லாதீர்கள்.

யாரும் பேசாத நேரத்தில் யாரையாவது பேச அழைக்க ‘சி.க்யூ… சி.க்யூ…’ என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. அது சிற்றலை வழக்கம். ரிப்பீட்டரில் கால்சைனும் ‘லிசனிங்’ என்ற ஒரு சொல்லும் போதும்.

கேள்வி: காலையில் இரண்டு பெரியவர்கள் அரை மணி நேரம் பேசுகிறார்கள். நடுவில் ரிப்பீட்டரே அவர்களை வெட்டிவிடுகிறது. இயந்திரக் கோளாறா?
– மதுரை வாசகர்

பதில்: கோளாறு இல்லை, டைமர். பல ரிப்பீட்டர்களில் ஒருவர் தொடர்ந்து சுமார் மூன்று நிமிடம் பேசினால் டிரான்ஸ்மிட்டர் தானாக நின்றுவிடும். மைக் சீட்டுக்கு அடியில் சிக்கிப் பட்டன் அமுங்கியே கிடந்தால், மலை மேல் இருக்கும் கருவி சூடேறிக் கெட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. கரண்ட் போன நேரத்தில் ரிப்பீட்டர் பேட்டரியில் ஓடும். நம் ஒவ்வொரு நிமிடப் பேச்சும் அந்த பேட்டரியைத் தின்னும்.

அந்தப் பெரியவர்களிடம் பணிவாக ஒரு யோசனை சொல்லுங்கள். பெரும்பாலான கருவிகளில் ‘ரிவர்ஸ்’ வசதி உண்டு. அதை அழுத்தினால், எதிராளி ரிப்பீட்டருக்கு அனுப்பும் சிக்னல் நேரடியாக உங்களுக்குக் கேட்கிறதா என்று தெரிந்துவிடும். தெளிவாகக் கேட்டால், ரிப்பீட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் சிம்ப்ளக்ஸ் அலைவரிசைக்குப் போய் மதியம் வரை பேசலாம், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கேள்வி: ரிப்பீட்டரில் தமிழில் பேசலாமா? பெரியவர்களை எப்படி அழைப்பது?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: தாராளமாகப் பேசலாம். சங்கேத மொழிதான் கூடாது. யார் கேட்டாலும் புரியும் திறந்த பேச்சாக இருக்க வேண்டும். தமிழ் தெரியாதவர் வந்து சேர்ந்தால் அவருக்குப் புரியும் மொழிக்கு மாறிக்கொள்வது பண்பு. கால்சைனை மட்டும் ஆல்ஃபா, பிராவோ என்று உலகம் முழுக்க வழங்கும் முறையிலேயே சொல்லுங்கள்.

இந்தியாவில் 12 வயது நிரம்பினால் ஹாம் உரிமத் தேர்வு எழுதலாம். அதனால் பேரனும் தாத்தாவும் ஒரே நெட்டில் (பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) இருப்பார்கள். சார், அண்ணா, அக்கா எதுவானாலும் சரி. ‘ஓ.எம்.’ (ஓல்ட் மேன்) என்றால் எந்த வயதுக்காரரும் கோபிக்க மாட்டார். ஆனால் பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் கால்சைன் கட்டாயம். நீண்ட பேச்சென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் கடையில் தீபாவளித் தள்ளுபடி போட்டிருப்பதை நெட்டில் சொல்லலாமா? நடுநடுவே ஒருவர் சினிமாப் பாட்டுப் போடுகிறார், அவரை என்ன செய்வது?
– ஈரோடு வாசகர்

பதில்: முதல் கேள்விக்கு, கூடாது. வியாபாரம், அரசியல், மதப் பிரசாரம் மூன்றுக்கும் ஹாம் அலைவரிசையில் இடமில்லை. பாட்டும் கூடாது.

இரண்டாவதற்கு, பதிலே பேசாதீர்கள். ‘யார்யா அது?’ என்று நீங்கள் அதட்டுவதைக் கேட்கத்தான் அவர் பாட்டுப் போடுகிறார். தேதி, நேரம், சிக்னலின் வலு இவற்றைக் குறித்துவைத்துக் கிளப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். திசையறியும் ஆன்டெனாவோடு இரண்டு மூன்று பேர் வெவ்வேறு இடங்களில் நின்று தேடினால் ஆள் இருக்குமிடம் தெரிந்துவிடும். உரிமம் இல்லாதவர் என்றால் அது சட்டப்படி குற்றம். நடவடிக்கையை அதிகாரிகளிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: விண்வெளி நிலையத்திலும் ரிப்பீட்டர் இருக்கிறதாமே?
– நாகர்கோவில் மாணவி

பதில்: இருக்கிறது. 145.990 மெகாஹெர்ட்ஸில், 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேசினால் 437.800-ல் திரும்பக் கேட்கும். நிலையம் நம் வானத்தைக் கடக்கப் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் பல நாட்டு ஹாம்கள் அதே ஒரு வழியில் முட்டி மோதுவார்கள். கால்சைன், இடம், நன்றி, அவ்வளவோடு விலகிவிடுங்கள். முதல் சில தடவைகள் கேட்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: புயல், வெள்ளக் காலத்தில் ரிப்பீட்டரில் என் வேலை என்ன?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: முதல் வேலை, பேசாமல் கேட்பது. அந்த நேரத்தில் யார் எப்போது பேசுவது என்று ஒழுங்குபடுத்த நெட் கன்ட்ரோல் என்று ஒருவர் இருப்பார். அவர் அழைத்தால் பேசுங்கள். ‘இங்கே ரொம்ப மோசம், தெருவெல்லாம் தண்ணி’ என்பது யாருக்கும் பயன்படாது. ‘தெற்கு வீதி, பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு, இடுப்பளவு தண்ணீர், மாடியில் ஏழு பேர், ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி, படகு வேண்டும், நான் நேரில் பார்த்தது’ என்றால் அது தகவல். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே சொல்லுங்கள்.

இன்னொன்று. மலை மேல் இருக்கும் ரிப்பீட்டரும் புயலில் விழும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேரில் இருந்த ஹாம் குழு, அந்தமானிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பியது. கடல் கடந்த அந்தத் தொடர்பு சிற்றலையில் நடந்தது. ரிப்பீட்டர் இல்லாமல் பேசவும் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளப் உறுப்பினர் அல்லாதவர் ரிப்பீட்டரைப் பயன்படுத்தலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: உரிமம் உள்ள எவரும் பேசத்தான் பெரும்பாலான கிளப்புகள் திறந்துவைத்திருக்கின்றன. ஆனால் பேட்டரி மாற்றுவதும், இடி விழுந்து கருகிய கேபிளை மாற்ற ஜீப் பிடித்து மலையேறுவதும் யாரோ சிலரின் கைக்காசில் நடக்கிறது. ஒரு மாதம் அந்த ரிப்பீட்டரில் பேசியிருந்தால், உறுப்பினராகி ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிடுங்கள். அடுத்த முறை அவர்கள் மலையேறும்போது கூடவே போய் ஏணியைப் பிடியுங்கள்.