‘28 வோல்ட்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

சேலியமேடு, பாகூர் பக்கத்திலிருந்து பொறியியல் படித்து, ஆவடியிலோ ஐதராபாத்திலோ பாதுகாப்புத் திட்டங்களில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சிஸ்டம்ஸ் இன்ஜினீயரிங் பொறுப்பு கைக்கு வந்ததும் பெரும்பாலோர் இடறி விழுவது ஒரே இடத்தில்தான். அதற்கு முன் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தேவைப் பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் எதிரிலேயே அதை எப்படிச் சோதிப்போம் என்று எழுதுங்கள். சோதிக்க வழியில்லாத வரியை அடித்துவிடுங்கள். ஆவடியில் வடிவமைத்த அர்ஜுன் டாங்கிக்கு 1974இல் அனுமதி கிடைத்தது. படையில் சேர்ந்தது 2004இல். நடுவில் தேவைகள் பலமுறை மாறின. மாற்றம் வரத்தான் செய்யும். எடை, வெப்பம், மின்சாரம், நாள் ஆகிய நான்கில் அது எதைத் தின்கிறது என்று எழுதி வாங்காமல் தலையாட்டாதீர்கள்.

அடுத்து வேலையைக் குழுக்களுக்குப் பிரிப்பது. அது உங்களுக்கே தெரியும்.

இனி, இடறி விழுவார்கள் என்று முதலில் சொன்ன அந்த இடம்: இரண்டு குழுக்களின் வேலை சந்திக்கும் இன்டர்ஃபேஸ். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத்தான் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. அணைக்கட்டும் சரி, ஏரியும் சரி, நன்றாகவே இருக்கும். தகராறு மதகில்தான் வரும். நான் பார்த்த ஒரு வாகனத் திட்டத்தில் மின்சாரக் குழு ‘28 வோல்ட் தருவோம்’ என்றது. கணினிக் குழு ‘28 வோல்ட் போதும்’ என்றது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒவ்வொரு முறையும் கணினி அணைந்து எழுந்தது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்கும், எத்தனை மில்லி விநாடிக்கு என்று யாரும் எழுதவில்லை. நான்கு மாதம் போயிற்று.

அதனால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரே ஒரு தாள். அதில் அளவு, அலகு, மேல் எல்லை, கீழ் எல்லை, மோசமான நேரத்தில் என்ன ஆகும் என்பது, எந்தப் பக்கம் ஆண் கனெக்டர் என்பது வரை இருக்கட்டும். அலகை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1999இல் செவ்வாயில் அழிந்த அமெரிக்க விண்கலம் சாட்சி: ஒரு குழு பவுண்டு கணக்கில் தந்ததை இன்னொரு குழு நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. தாளுக்குப் பொறுப்பாளி ஒருவர்தான். இருவர் என்றால் ஒருவருமில்லை.

ரகசியத் திட்டத்தில் இது இன்னும் கடினம். அடுத்த குழு என்ன செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. ஆனால் பொருந்த வேண்டும். எல்லையில் தெரிவதை மட்டும் தாளில் எழுதுங்கள், உள்ளே எப்படி, எதற்காக என்பது வேண்டாம். ‘நொடிக்கு 50 தடவை செய்தி வரும்’ போதும்; அது எந்த சென்சாரிலிருந்து என்பது தேவையில்லை. இன்னொன்று: தனித்தனியாகச் சாதுவாக இருக்கும் நாற்பது தாள்களை ஒன்றாக அடுக்கினால் முழு ஆயுதமும் தெரிந்துவிடும். முழுக் கட்டு ஓர் அறையில், வலைத்தொடர்பே இல்லாத ஒரு கணினியில் மட்டும் இருக்கட்டும். பென்டிரைவ் கூடாது. ‘அவசரம், போனில் சொல்லிவிடுகிறேன்’ என்பவரிடம் கோபப்படுங்கள், தப்பில்லை. போனில் மாற்றிய அளவு ரகசியத்தையும் கெடுக்கும், தாளையும் பொய்யாக்கும்.

பழைய திட்டத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை எடுத்துவந்தால் அதற்கும் புதுத் தாள் போடுங்கள். 1996 ஜூன் 4இல் ஏரியன் 5 ராக்கெட் வெடித்தது, ஏரியன் 4க்காக எழுதிய நிரலால். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அந்த நிரலின் 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை.

கடைசியாக, சோதனை நாள். எந்த அளவு தாண்டினால் நிறுத்துவது என்பதை ஒரு வாரம் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 1979 ஆகஸ்ட் 10இல் எஸ்எல்வி-3 ஏவும்போது கணினி நிறுத்தச் சொன்னதையும், வல்லுநர்கள் சொன்னபடி தாம் தொடர்ந்ததையும் அப்போது திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அமிலக் கசிவால் இரண்டாம் கட்டம் கட்டுப்பாடிழந்து ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. கவுன்ட்டவுன் ஓடும்போது அறையில் இருக்கும் எல்லோருக்கும் ‘போகலாம்’ என்றுதான் தோன்றும். அதனால்தான் ஒரு வாரம் முன்பு என்கிறேன்.