காயம் ஆறிய பின்னும் வலி ஏன்?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். காயம் ஆறிய பின்னும் அது தொடர்வது ஏன் என்று நோயாளிகள் பலர் எங்களைக் கேட்பதுண்டு.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புதிதாக முதுகுவலி கண்டவர்களின் மூளையை ஓராண்டு காலம் ஸ்கேன் செய்து, முடிவை 2012-இல் வெளியிட்டனர். மூளையின் முன்பகுதிக்கும், விருப்பு வெறுப்பைக் கற்கும் ஓர் உட்பகுதிக்கும் இடையே தொடக்கத்திலேயே இணைப்பு மிகுந்திருந்தவர்களுக்கு வலி நீடிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

ஆகவே, "எல்லாம் உன் கற்பனை" என்று நோயாளியிடம் கூறாதீர்கள். வலி உண்மையானது. மூளையின் இணைப்புகளோ மாறக்கூடியவை. மருத்துவர் வகுத்துத் தரும் உடற்பயிற்சி, மனநல ஆலோசனை, நல்ல உறக்கம் ஆகியவை வலியின் பிடியைத் தளர்த்த உதவும். வீட்டார் நோயாளியின் சொல்லை நம்பிக் கேட்பதும் சிகிச்சைக்குத் துணையே.