ஓடும் வரலாறு

பழம்பொருள்களைப் போற்றும் வழக்கம் எல்லா நாட்டு மக்களிடமும் உண்டு. கோயில், கோட்டை, கல்வெட்டு, காசு முதலியவற்றை வரலாற்றுச் சான்றுகளாக நாம் மதிக்கிறோம். ஆனால், தெருவில் ஓடித் தேய்ந்த ஒரு மோட்டார் வண்டியும் வரலாற்றுச் சான்றே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்து நாட்டினர் அதனை எண்ணிப் பார்த்தனர். ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று, நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பழைய வண்டிகள் இலண்டன் மாநகரிலிருந்து பிரைட்டன் என்னும் கடற்கரை நகருக்கு அணி அணியாகச் செல்கின்றன. இவ்விழா எவ்வாறு தோன்றியது? அது நமக்கு உணர்த்துவது யாது?

குதிரை வண்டிகளே நிறைந்திருந்த இங்கிலாந்தின் சாலைகளில் நீராவியால் இயங்கும் கனத்த வண்டிகள் புகுந்தபோது, குதிரைகள் மிரண்டன, மக்கள் அஞ்சினர். ஆகவே 1865ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. பொறியால் இயங்கும் வண்டி, நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல் வேகத்திற்கும் நகரத்தில் 2 மைல் வேகத்திற்கும் மேற்படலாகாது என்றும், வண்டிக்கு 60 கெசம் முன்னால் ஒருவன் செங்கொடி ஏந்தி நடக்கவேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. 1878ஆம் ஆண்டில் கொடி பிடிக்கும் விதி தளர்த்தப்பட்டது. ஆயினும், முன்னால் ஆள் நடக்கவேண்டும் என்ற விதி நீங்கவில்லை. 1886ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பார் பெட்ரோல் வண்டிக்கு உரிமை பெற்றார். அதன்பின் பிற நாடுகளில் வண்டிகள் விரைந்து ஓடின. இங்கிலாந்திலோ அவை நடப்பவனுக்குப் பின்னால் ஊர்ந்தன. நடந்து செல்பவனை முந்த இயலாத வண்டியால் யாருக்கு என்ன பயன்?

1896ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. முன்னால் ஆள் நடக்க வேண்டுவதில்லை என்றாயிற்று. மணிக்கு 14 மைல் வரை செல்லவும் இசைவு கிடைத்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் நவம்பர் 14. அன்று இலண்டனில் கூடிய மோட்டார் அன்பர்கள், காலைச் சிற்றுண்டியின்போது ஒரு செங்கொடியைக் கிழித்தெறிந்து, தம் மகிழ்ச்சியைப் புலப்படுத்தினர். பின்னர், முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் பிரைட்டனை நோக்கிப் புறப்பட்டன. மழையும் காற்றும் அவர்களை அலைக்கழித்தன. சாலை சேறாயிற்று. வண்டிகள் பல வழியிலேயே பழுதுபட்டு நின்றன. ஒரு வண்டி இரயிலில் ஏற்றிச் செல்லப்பட்டு, பிரைட்டனில் சேறு பூசப்பட்டு, சாலைவழியே வந்ததுபோல் ஊருக்குள் நுழைந்தது என்று ஒரு கதையும் இன்றளவும் வழங்குகிறது!

அப்பயணத்தை நினைவுகூர்ந்து 1927ஆம் ஆண்டில் பழைய வண்டிகள் மீண்டும் அவ்வழியே சென்றன. 1930ஆம் ஆண்டு முதல் அரச மோட்டார்க் கழகம் இவ்விழாவை நடத்திவருகிறது. உலகப் போர்க் காலத்திலும், பெட்ரோல் தட்டுப்பாடு மிகுந்த 1947ஆம் ஆண்டிலும், கொள்ளை நோய் பரவிய 2020ஆம் ஆண்டிலும் மட்டும் அது நடைபெறவில்லை. 1905ஆம் ஆண்டிற்கு முன் செய்யப்பட்ட வண்டிகளே இதில் செல்லலாம். இது பந்தயம் அன்று. ஏறத்தாழ 60 மைல் தொலைவைப் பகலொளி மறைவதற்குள் கடந்து ஊர் சேர்வதே இதில் வெற்றியாகும்.

அவ்வண்டிகளின் அமைப்பு நமக்கு வியப்பூட்டும். சில வண்டிகளைத் திருப்புவதற்குச் சக்கரம் இல்லை. ஒரு நெம்புகோலே உண்டு. பொறியைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்றவேண்டும். கார்பைடுக் கல்லின்மீது நீர் சொட்டச் சொட்ட எழும் வாயுவே விளக்குக்கு எரிபொருள். கூரையும் காற்றுத் தடுப்பும் இல்லாமையால், ஏறிச் செல்வோர் மழையில் நனைவர். பெட்ரோல் வண்டிகளோடு நீராவி வண்டிகளும், மின்கலத்தால் ஓடும் வண்டிகளும் இவ்வணியில் உண்டு. மின்சார வண்டி இக்காலப் புதுமை என்று எண்ணுவோர் இதனைக் கண்டால் நாணுவர் அன்றோ?

இத்தகைய வண்டிகளைக் குறித்து மூவகைச் சான்றுகள் உள. அவை நிழற்படமும், நினைவும், வண்டியுமே ஆம்.

நிழற்படம் உருவத்தை உள்ளவாறு காட்டுகிறது. பழைய வண்டியைப் பழுது பார்ப்போர், விளக்கு இருந்த இடம், சக்கரத்தின் ஆரங்கள், சேறுகாப்பின் வளைவு ஆகியவற்றைப் பழைய படத்தைக் கொண்டே அறிகின்றனர். படம் காலத்தையும் சொல்லும். இங்கிலாந்தில் 1904ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்துதான் வண்டிகளுக்குப் பதிவெண் கட்டாயமாயிற்று. ஆகவே, அந்நாட்டுச் சாலையில் எண்ணில்லாத ஒரு வண்டி நிற்கும் படம், பெரும்பாலும் அதற்கு முற்பட்டது எனக் கொள்ளலாம். ஆனால் படம் ஊமை. வண்டியில் அமர்ந்திருப்பவர் யார், எங்குச் சென்றனர் என்று அது வாய் திறந்து சொல்லாது.

நினைவு அதனைச் சொல்லும். எந்த மேட்டில் இறங்கித் தள்ளினர், எந்த ஊரில் பெட்ரோலுக்கு அலைந்தனர் என்பன முதியோர் வாய்மொழியால் அன்றி விளங்கா. எனினும், நினைவு சில வேளைகளில் மிகைப்படும். சேறு பூசிய வண்டியின் கதை உண்மையோ, புனைவோ, யார் அறிவார்?

வண்டி ஓடும்போது மிகை அடங்கிவிடும். ஏறாத மேட்டில் அது ஏறாது. இல்லாத வேகம் அதற்கு வாராது. அதனை ஓட்டும் கைத்திறனும் ஓட்டினாலன்றி நிலைபெறாது. ஓட ஓட உறுப்புகள் தேயும் என்பதும் உண்மையே. தேய்ந்தவற்றை மாற்றும்போது பழைய வடிவம் மாறிவிடாமல் காப்பது எது? முன்பு ஊமை என்றோமே, அந்த நிழற்படமே. இவ்வாறு மூன்று சான்றுகளும் ஒன்றன் குறையை ஒன்று நிறைவு செய்கின்றன.

இதற்கு மாண்டேகு பிரபுவின் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டாகும். அவருடைய தந்தையார், 1899ஆம் ஆண்டில் தம் டெய்ம்லர் வண்டியைப் பார்லிமெண்டின் முற்றத்திற்குள் ஓட்டிச் சென்ற முன்னோடி. அவர் 1929ஆம் ஆண்டில் மறைந்தபோது மைந்தருக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை. தந்தையின் முகத்தை நினைவில் நிறுத்த இயலாத வயது அது. வளர்ந்த பின், அவர் தந்தைக்குக் கல்லால் நினைவுச் சின்னம் எழுப்பவில்லை. 1952ஆம் ஆண்டில் பியூலி என்னும் ஊரிலுள்ள தம் மாளிகையில் ஐந்து பழைய வண்டிகளை நிறுத்தி, மக்கள் காண வழி செய்தார். அவ்வைந்தும் பெருகி, 1972ஆம் ஆண்டில் புதுக் கட்டடத்தில் தேசிய மோட்டார்ப் பொருட்காட்சிச்சாலையாக விளங்கின. வண்டிகளோடு நிழற்படங்களும் அங்குத் தொகுத்துக் காக்கப்படுகின்றன. ஒரு மகனின் நன்றியுணர்ச்சி ஒரு நாட்டின் செல்வமாயிற்று.

மாணவர்களே! பழைய வண்டி நம் அனைவர் வீட்டிலும் இராது. ஆனால், மிதிவண்டி ஒன்றன் அருகே நிற்கும் பாட்டனாரின் படம் ஒன்று எங்கேனும் ஒரு பெட்டியின் அடியில் இருத்தல் கூடும். அதனை எடுங்கள். படத்தில் உள்ளவர் யார், ஊர் எது, ஆண்டு எது என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, படத்தின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும் காலத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும். பெயர் எழுதாத படம், இரண்டு தலைமுறைக்குள் யாரோ ஒருவரின் படமாகிவிடும். பெயர் எழுதிய படம் குடும்பத்தின் வரலாறாக வாழும்.