சிறு குழந்தைகளுக்குச் சிறப்பாசிரியர் ஆவது எப்படி?

கேள்வி: பி.எஸ்ஸி. உளவியல் முடித்திருக்கிறேன். ஆறு வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்க ஆசை. மேற்கொண்டு என்ன படிக்கலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசியம் வாருங்கள், இந்தத் துறைக்கு ஆள் வேண்டும். பட்டதாரிகளுக்கான நேர்வழி, இரண்டு ஆண்டு பி.எட். சிறப்புக் கல்வி. கல்லூரியைவிட முதலில் பார்க்க வேண்டியது, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் பதிவேட்டில் இடம்பெற்றவரே சிறப்பாசிரியராகப் பணிபுரியலாம்.

ஆனால் பி.எட். பெரும்பாலும் பள்ளி வயதை மனத்தில் வைத்த படிப்பு. பள்ளிக்கு முந்தைய பருவத்துக்கு ஆரம்பகாலப் பயிற்சி பற்றிய தனிப் படிப்பு தேவை. முட்டுக்காட்டிலுள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் இதற்கான முதுநிலைப் பட்டயப் படிப்பையும் தகுதி விவரத்தையும் விசாரியுங்கள்.

செய்முறைப் பயிற்சிதான் உங்களை ஆசிரியராக்கும். பெருமூளை வாதமுள்ள மூன்று வயதுக் குழந்தைக்கு நிறம் சொல்லித் தருவதற்கு முன், இடுப்பும் பாதமும் தாங்கல் பெறும்படி உட்காரவைக்கத் தெரிய வேண்டும். உடம்பு ஆடிக்கொண்டிருந்தால் கண் பொருளில் நிற்காது. கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால், அதே குழந்தை தானாகச் சாப்பிடப் பழகும். அதுவும் பாடம்தான். பேச்சு வராத குழந்தையிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பது இன்னும் கடினம்.

இதையெல்லாம் அம்மாவுக்கும் பாட்டிக்கும் சொல்லித் தரவும் வேண்டும். குழந்தை அதிக நேரம் இருப்பது வீட்டில்தானே. விண்ணப்பிக்குமுன், அருகிலுள்ள குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சி மையத்தில் அனுமதி பெற்றுச் சில நாள் உடனிருந்து பாருங்கள்.