அரசியலில் அத்தாவும் மகனும்: ஸிஃப்பீன் தரும் படிப்பினை



தேர்தல் வந்தால் ஜெகதாப்பட்டினத்தில் இருக்கும் அத்தாவுக்கு ஒரு கட்சி, வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு வேறு கட்சி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வாக்குவாதம் முற்றினால், வாரந்தோறும் வரும் போனும் நின்றுவிடுகிறது.

ஹிஜ்ரி 37-ல் நடந்த ஸிஃப்பீன் போரில், அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் முஆவியா (ரலி) அவர்களின் அணியில் இருந்தார்கள். அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்கு அந்தப் போரில் உடன்பாடில்லை. அம்மார் (ரலி) அவர்களை வரம்பு மீறிய கூட்டம் கொல்லும் என்ற நபிமொழியை அந்த அணியினர் முன்பே எடுத்துச் சொன்னார்கள். பின் ஏன் எங்களோடு இருக்கிறீர் என்று கேட்கப்பட்டது. தந்தைக்குக் கட்டுப்படும்படி நபி (ஸல்) அவர்கள் தமக்கு உபதேசித்ததைக் கூறி, உடன் இருக்கிறேன், போரிடமாட்டேன் என்றார்கள். (முஸ்னத் அஹ்மத்)

கருத்தை மறைக்கவில்லை, தவறுக்குத் துணைபோகவில்லை, தந்தையைக் கைவிடவுமில்லை.

இளைஞர்களே! அத்தாவின் பதிவுக்குக் கீழே நாலு பேர் பார்க்கக் கேலி செய்யாதீர்கள். சொல்ல வேண்டியதைப் போன் போட்டு, சலாம் சொல்லி, தனியாகச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளையின் வாக்கு அவனிடம் உள்ள அமானிதம். வந்த செய்தியை விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். ஸூரா அல்ஹுஜுராத்தின் 6-வது வசனம் இடும் கட்டளை நமக்கும்தான்.

குரூப்பை விட்டு வெளியேறியவர்கள் இன்று ஜும்ஆ முடிந்ததும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். அல்லாஹ் நம் குடும்பங்களின் உறவைப் பாதுகாப்பானாக! ஆமீன்.